பறங்கிப்புண்: ஒரு பெயரும் ஐந்நூறு ஆண்டு வழக்கும்

தமிழில் 'பறங்கி' என்ற சொல்லைச் சுமக்கும் பொருள்கள் பல. பறங்கிக்காய் குழம்பில் வேகிறது. பறங்கிமலையைச் சென்னைக்காரர்கள் நாள்தோறும் ரயிலில் கடக்கிறார்கள். பறங்கிப்பட்டையை நாட்டு மருந்துக் கடையில் நிறுத்து விற்கிறார்கள். இந்தக் குடும்பத்தில், வாய்விட்டுச் சொல்லக் கூசியே வழக்கிலிருந்து ஏறக்குறைய மறைந்துபோன சொல் ஒன்றும் உண்டு: பறங்கிப்புண். வலியில்லாத புண்ணாகத் தொடங்கி, சில வாரங்களில் உடலெங்கும் தடிப்பாகப் பரவி, பிறகு பல ஆண்டுகள் பதுங்கியிருந்து எலும்பையும் இதயத்தையும் மூளையையும் அரிக்கக்கூடிய நோய் அது. இன்றைய மருத்துவம் அதைச் சிபிலிஸ் என்கிறது.

பறங்கிக்காய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கடல் கடந்து வந்தது. அதே பெயரைத் தாங்கிய நோயும் அதே கடல் வழியாகத்தான் வந்ததா? சிபிலிஸ் எங்கே பிறந்தது, எப்போது பரவியது என்ற கேள்விக்கு ஐந்நூறு ஆண்டுகளாக விடைகள் குவிந்திருக்கின்றன. மருத்துவர்கள், எலும்பாய்வாளர்கள், மரபணுவியலாளர்கள் ஆகியோர் கூடிய அரங்குகளில் ஒவ்வொரு விடையும் வைக்கப்பட்டது, உடைக்கப்பட்டது, திருத்தப்பட்டது. அந்த வாதங்களைத் தமிழ்க் கடற்கரையில் நின்று மறுபடி பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

முத்துத் துறையின் இடம்

தூத்துக்குடி நகரின் கழிவுநீரைச் சுமந்துவரும் பக்கிள் ஓடை கடலில் சேரும் பகுதி திரேஸ்புரம். நாட்டுப்படகுகள் அணைந்து நிற்கும் இந்தத் துறையிலிருந்து சங்கு குளிக்கப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இவர்களுடைய முன்னோர் காலத்தில் முத்தே பெரிய தொழில். இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல்.

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தது 1498இல். 1530களில் போர்த்துக்கீசியர் முத்துக்குளித் துறையில் காலூன்றினர். 1537க்குள் பரதவர்கள் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்கு மாறியது. முத்துக்குளிப்புப் பருவத்தில் கரையில் ஓலைக்கொட்டகைகளால் ஒரு தற்காலிக நகரமே எழும். காயல்பட்டினம், கீழக்கரை, யாழ்ப்பாணம், மலையாளக் கரை, அரபு நாடு என்று பல கரைகளிலிருந்தும் குளியாளிகளும் வணிகர்களும் மாலுமிகளும் காவலர்களும் அங்கே கூடுவார்கள். உடலோடு உடல் உரசிப் பரவும் எந்த நோய்க்கும் இத்தகைய சந்திப்பு வாசல் திறந்துவிடும். சிபிலிஸின் பயண வரலாற்றில் இந்தக் கரைக்கு ஓர் இடம் இருந்திருக்க வேண்டும். அந்த இடம் இதுவரை போதிய அளவு ஆராயப்படவில்லை என்பதுதான் குறை.

திருகாணி வடிவில் ஒரு கிருமி

சிபிலிஸை உண்டாக்குவது ட்ரெபோனிமா பாலிடம் என்ற சுருள் கிருமி. நீளம் 6 முதல் 15 மைக்ரான். அகலம் ஒரு மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்குதான். சாதாரண நுண்ணோக்கியின் வெளிச்சத்தில் இவ்வளவு மெல்லிய இழை கண்ணுக்குத் தட்டுப்படாது. பின்னணியை இருட்டாக்கி, பக்கவாட்டில் ஒளி பாய்ச்சினால், கறுப்புத் திரையில் ஒரு வெள்ளித் திருகாணி சுழன்று சுழன்று நகர்வது தெரியும். மற்றப் பல கிருமிகளுக்கு வால்போன்ற கசையிழைகள் உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுருள் கிருமிகளுக்கு அவை இரண்டு உறைகளுக்கு நடுவே, உடலைச் சுற்றியபடி உள்ளேயே இருக்கின்றன. அவை சுழலும்போது முழு உடலும் திருகிக்கொண்டு முன்னேறும். பசைபோன்ற திசுக்களுக்குள்ளும் துளைத்துச் செல்ல இந்த அமைப்பு உதவுகிறது.

1905இல் பெர்லினில் விலங்கியலாளர் ஃபிரிட்ஸ் ஷாடினும் தோல் மருத்துவர் எரிக் ஹாஃப்மனும் இதைக் கண்டுபிடித்தனர். அதே ஆண்டு மே மாதம் பெர்லின் மருத்துவச் சங்கத்தின் கூட்டத்தில் அறிவித்தபோது அவையோர் நம்பவில்லை. சிபிலிஸின் காரணி என்று அதற்கு முன் பல கிருமிகள் அறிவிக்கப்பட்டுப் பொய்த்துப்போயிருந்தன. சலிப்படைந்த அவை இதையும் அந்தக் கணக்கில் சேர்த்தது. சில மாதங்களில் பிற ஆய்வகங்களும் அதே கிருமியைக் கண்டன. ஐயம் தீர்ந்தது.

இந்தக் கிருமியின் இயல்பே அதன் வரலாற்றைத் தேடுவதற்குத் தடையாக இருந்தது. உடலுக்கு வெளியே இது விரைவில் இறந்துவிடும். நூறாண்டுகளுக்கு மேலாக இதை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்க முடியவில்லை. முயல்களின் உடலில்தான் வளர்க்க வேண்டியிருந்தது. 2018இல்தான் முயல் செல்களோடு சேர்த்துக் கண்ணாடிக் கலத்தில் நீண்டகாலம் வளர்க்கும் முறை வெளியானது. மேலும், இதற்கு நெருங்கிய உறவினர்கள் மூன்று உள்ளன: வெப்பமண்டலக் குழந்தைகளின் தோலையும் எலும்பையும் தாக்கும் யாஸ், வறண்ட நிலங்களில் காணப்படும் பெஜெல், அமெரிக்கக் கண்டத்துக்கு மட்டுமே உரிய பின்டா. இவை மூன்றும் பாலுறவால் பரவுவதாகக் கருதப்படுவதில்லை. நுண்ணோக்கியில் நான்கும் ஒன்றுபோலவே இருக்கும். சிபிலிஸ், யாஸ், பெஜெல் ஆகியவற்றின் மரபணுத் தொகுதிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு அரை விழுக்காட்டுக்கும் குறைவு. பிறப்பிடம் பற்றிய எல்லா வாதங்களும் கடைசியில் இந்த ஒற்றுமையில் வந்துதான் முட்டுகின்றன.

முதல் விடை: கொலம்பஸின் கப்பல்

1493 மார்ச்சில் கொலம்பஸ் ஸ்பெயினுக்குத் திரும்பினார். 1495இல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸின் படை நேப்பிள்ஸைப் பிடித்திருந்தபோது, படைவீரர்களிடையே அதுவரை காணாத ஒரு கொடிய நோய் வெடித்தது. கூலிப்படையினர் கலைந்து ஊர் திரும்பியபோது ஐரோப்பா முழுவதும் அது பரவியது. 1512இல் ஜப்பானில் பதிவாகிவிட்டது. கொலம்பஸ் திரும்பியதற்கும் நேப்பிள்ஸில் நோய் வெடித்ததற்கும் இடையே உள்ள குறுகிய இடைவெளியே முதல் விடையின் அடித்தளம்: நோய் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது.

இதை முதலில் எழுதியவர்கள் ஸ்பானியர்கள். வரலாற்றாசிரியர் ஒவியேதோ 1526இலும், மருத்துவர் ரூய் தியாஸ் தெ இஸ்லா 1539இல் அச்சான நூலிலும் இதைச் சொன்னார்கள். கொலம்பஸோடு வந்த மாலுமிகளுக்கு பார்சிலோனாவில் தாமே மருத்துவம் பார்த்ததாக தியாஸ் தெ இஸ்லா குறிப்பிட்டார்.

இந்தச் சாட்சியங்களின் பலவீனம் காலம். நிகழ்ச்சிக்கு முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்டவை அவை. கரீபியத் தீவுகளிலிருந்து வந்த குவாயக்கம் என்ற மரத்தை இந்நோய்க்கு மருந்தாக அப்போது விலைக்கு விற்றார்கள். நோய் பிறந்த நிலத்திலேயே கடவுள் மருந்தையும் வைத்திருப்பார் என்ற நம்பிக்கை நிலவிய காலத்தில், நோயை அமெரிக்காவுக்கு உரியதாக்குவது அந்த வணிகத்துக்குத் துணையாகவே இருந்தது. இந்தக் காரணத்தால் அவர்கள் சொன்னது பொய்யாகிவிடாது; ஆனால் அதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதவும் முடியாது.

நோயைப் பிறர்மேல் சுமத்தும் போக்கைப் பெயர்களும் காட்டுகின்றன. இத்தாலியர்கள் இதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். ரஷ்யர்கள் போலந்து நோய் என்றார்கள். 1530இல் இத்தாலிய மருத்துவர் ஃபிரகாஸ்தோரோ எழுதிய கவிதை நூலில் வரும் ஓர் இடையனின் பெயரிலிருந்துதான் 'சிபிலிஸ்' பிறந்தது. அண்டை நாட்டைக் குற்றம் சாட்டாத பெயர் என்பதால் அது மருத்துவ உலகில் நிலைத்திருக்கலாம்.

இரண்டாம் விடை: முன்பே இருந்தது

பழைய உலகிலேயே சிபிலிஸ் இருந்தது, மருத்துவர்கள் அதைத் தொழுநோயோடு குழப்பிக்கொண்டார்கள் என்பது இரண்டாம் விடை. இதற்கு எலும்புகளைச் சான்றாகக் காட்டுகிறார்கள். முற்றிய நோயில் மண்டையோட்டின் மேற்பரப்பு புழு அரித்ததுபோல் குழிந்து தழும்பேறும்; கணைக்கால் எலும்பு வாள்போல் முன்வளைந்து தடிக்கும். தாயிடமிருந்து நோய் பெற்ற குழந்தையின் பல்லில் தனி அடையாளங்கள் விழும். தென்இத்தாலியின் மெட்டபொன்டோ என்ற பண்டைய கிரேக்கக் குடியிருப்பிலும், இங்கிலாந்தின் ஹல் நகர மடத்துக் கல்லறைகளிலும் இத்தகைய எலும்புகள் கிடைத்ததாக ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

இந்தச் சான்றுகள் அனைத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பேச, 1993 நவம்பரில் பிரான்சின் துலோன் நகரில் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு கூடியது. ஐரோப்பாவில் சிபிலிஸ் 1493க்கு முன்பா, பின்பா என்ற கேள்வியே அதன் தலைப்பு. முன்பே இருந்தது என்ற தரப்புக்கு அங்கே குரல் வலுத்தது. ஆனால் 2011இல் கிறிஸ்டின் ஹார்ப்பரும் உடன் ஆய்வாளர்களும், அதுவரை வெளியான 54 அறிக்கைகளை ஒவ்வொன்றாக மறுபரிசீலனை செய்தபோது படம் மாறியது. நோய்க்குறியும் உறுதி, காலமும் உறுதி என்று இரண்டு சோதனையிலும் தேறிய எலும்பு அவற்றில் ஒன்றுகூட இல்லை என்று அவர்கள் முடிவுசெய்தனர்.

காலக் கணிப்பில் நேர்ந்த பிழை கடற்கரை வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. எலும்பிலுள்ள கரிமத்தை வைத்து அதன் வயதைக் கணிக்கிறார்கள். காற்றிலுள்ள கரிமத்தைவிடக் கடல்நீரில் கரைந்திருக்கும் கரிமம் பழையது. அதனால் வாழ்நாள் முழுவதும் மீனும் சிப்பியும் உண்டவரின் எலும்பு, உண்மை வயதைவிடச் சில நூறு ஆண்டுகள் கூடுதலாகக் காட்டும். 1600இல் இறந்தவர் 1300இல் இறந்தவர்போலத் தோன்றிவிடக் கூடும். ஐரோப்பியக் கரையோரங்களில் கிடைத்த 'கொலம்பஸுக்கு முந்தைய' எலும்புகள் பலவற்றில் இந்தத் திருத்தம் செய்யப்படவில்லை. திரேஸ்புரம்போன்ற ஒரு கரையில் நாளை பழைய எலும்பு கிடைத்தாலும், இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் அதன் வயதைச் சொல்ல இயலாது.

இந்தியாவிலும் இரண்டாம் விடைக்கு ஆதரவாளர்கள் உண்டு. சுசுருத சம்ஹிதை சொல்லும் உபதம்சம் என்ற நோயைச் சிலர் சிபிலிஸ் என்கிறார்கள். அந்த விளக்கம் பிறப்புறுப்புப் புண்ணோடு நிற்கிறது. உடலெங்கும் பரவும் இரண்டாம் கட்டத்தைத் தெளிவாகச் சொல்லவில்லை. வேறு பல நோய்களாலும் அத்தகைய புண் வரும்.

மூன்றாம் விடை: நான்கும் ஒரே நோய்

சிரியாவில் பெஜெல் நோயாளிகளிடையே பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஹட்சன் வேறொரு கோணத்தை முன்வைத்தார். யாஸ், பெஜெல், சிபிலிஸ் எல்லாம் தனித்தனி நோய்களே இல்லை. தட்பவெப்பமும் வாழ்முறையும் மாறும்போது ஒரே கிருமி எடுக்கும் வெவ்வேறு வடிவங்கள் என்பது அவர் கருத்து. வெப்பமும் ஈரமும் மிக்க ஊரில், மேலாடையின்றி விளையாடும் குழந்தைகளிடையே தோலிலிருந்து தோலுக்குப் பரவினால் அது யாஸ். குளிர்ந்த, உடலை மூடி வாழும் சமூகத்தில் அந்த வழி அடைபட்டால், பாலுறவு ஒன்றே மிஞ்சும், அது சிபிலிஸ். 1963இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் ஹேக்கெட் சற்று மாறுபட்ட வரிசையைத் தந்தார்: பின்டாவிலிருந்து யாஸ், யாஸிலிருந்து பெஜெல், கடைசியாகச் சிபிலிஸ் என்று மரபணு மாற்றங்களால் படிப்படியாகத் தோன்றின என்றார்.

இந்த வாதம் வெறும் ஏட்டுச் சர்ச்சையாக நிற்கவில்லை. 1952இல் பாங்காக்கில் யாஸ் கட்டுப்பாடு பற்றிய முதல் பன்னாட்டுக் கருத்தரங்கு கூடியது. அந்த ஆண்டு தொடங்கி 1964 வரை 46 நாடுகளில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்குப் பென்சிலின் ஊசி போடப்பட்டது. இந்தியாவில் ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டம் பழங்குடிக் கிராமங்களில் வீடு வீடாகத் தேடிச் சென்றது; கடைசி நோயாளி 2003இல் பதிவானார். 2016இல் இந்தியா யாஸ் இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. யாஸ் மறைந்த ஊர்களில் சிபிலிஸ் தானாக அந்த இடத்துக்கு வந்துவிடவில்லை. ஹட்சனின் கருத்தை அதன் எளிய வடிவில் ஏற்பதற்கு இது ஒரு தடை. மரபணுவும் கைகொடுக்கவில்லை, மூன்று கிளைகளுக்கும் இடையே சிறிதானாலும் நிலையான வேறுபாடுகள் உள்ளன.

மரபணுவின் சாட்சி

1998இல் ட்ரெபோனிமா பாலிடத்தின் முழு மரபணுத் தொகுதியும் வெளியானது. ஏறத்தாழ 11 லட்சத்து 40 ஆயிரம் எழுத்துகள். நம் குடலில் வாழும் ஈ. கோலை கிருமிக்கு இருப்பதில் கால் பங்குதான். தனக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதியைத் தானே ஆக்கிக்கொள்ளும் திறனை இது இழந்துவிட்டது. மனித உடலிடம் கடன் வாங்கி வாழ்கிறது.

2008இல் ஹார்ப்பர் குழு, தென்அமெரிக்காவின் கயானாவில் எடுத்த யாஸ் மாதிரிகள் சிபிலிஸுக்கு மிக நெருக்கமானவை என்று அறிவித்துக் கொலம்பஸ் விடைக்கு வலுச் சேர்த்தது. மாதிரிகள் குறைவு, ஒப்பிட்ட எழுத்துகளும் குறைவு என்று அதே இதழிலேயே மறுப்பும் வந்தது.

பிறகு பழைய எலும்பிலிருந்தே கிருமியின் மரபணுவை மீட்கும் நுட்பம் வந்தது. 2018இல் மெக்சிகோ நகரக் காலனிய காலக் கல்லறையிலிருந்து சிபிலிஸ், யாஸ் இரண்டும் கிடைத்தன. 2020இல் வெளியான ஆய்வுகள் பின்லாந்து, எஸ்டோனியா, நெதர்லாந்து, லிதுவேனியா ஆகிய நாடுகளின் எலும்புகளில் பலவகை ட்ரெபோனிமாக்களைக் கண்டன. குளிர்நாடான லிதுவேனியாவில் கிடைத்தது யாஸ் என்பது வியப்பைத் தந்தது. அந்த எலும்புகளின் காலக் கணிப்பு 1493க்கு முன்னும் பின்னும் பரந்து கிடந்ததால், இரண்டு தரப்புமே அவற்றைத் தமக்குச் சாதகமாகப் படிக்க முடிந்தது.

2024இல் இரண்டு முக்கிய ஆய்வுகள் நேச்சர் இதழில் வந்தன. ஜனவரியில் வந்தது பிரேசில் கரையோரத்தின் ஜபுட்டிகபெய்ரா என்ற சிப்பி மேட்டைப் பற்றியது. மீனும் சிப்பியும் உண்டு வாழ்ந்த மக்கள், தம் இறந்தோரைச் சிப்பி ஓட்டுக் குவியலிலேயே புதைத்திருந்தனர். ஏறத்தாழ 2,000 ஆண்டு பழமையான அந்த எலும்புகளில் பெஜெலுக்கு நெருங்கிய கிருமி இருந்தது. வறண்ட நிலத்து நோய் என்று நூல்கள் சொன்னது ஈரமான ஒரு மீனவக் கரையில் கிடைத்ததால், தட்பவெப்பத்தை வைத்துக் கட்டிய பழைய வரைபடம் ஆட்டம் கண்டது. டிசம்பரில் வந்த ஆய்வு மெக்சிகோ, பெரு, சிலி, அர்ஜென்டினா எலும்புகளிலிருந்து ஐந்து மரபணுத் தொகுதிகளைத் தந்தது. கொலம்பஸுக்கு முன்பே இக்கிருமிக் குடும்பம் அமெரிக்காவில் பல கிளைகளாகப் பிரிந்திருந்தது. அறியப்பட்ட கிளைகளின் பொது மூதாதை ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்குள் வாழ்ந்திருக்கலாம் என்று அவ்வாய்வு கணித்தது.

இதனால் முதல் விடை திருத்திய வடிவில் மீண்டும் முன்னுக்கு வந்திருக்கிறது. எனினும் அதற்கு வெளியே நிற்கும் உண்மை ஒன்று உண்டு. ஆப்பிரிக்கக் காடுகளின் குரங்கினங்களில் யாஸ் கிருமி வாழ்வதை 2018இல் ஆய்வாளர்கள் உறுதிசெய்தனர். அவை மனிதரிடமிருந்து அதைப் பெற்றனவா, மனிதர் அவற்றிடமிருந்து பெற்றனரா என்பதற்குத் தெளிவான விடை இல்லை.

பறங்கி என்ற சொல் எதை நிறுவும்?

இனித் தமிழ்க்கரைக்கு வரலாம். 1510இல் அச்சான வர்த்தேமா என்ற இத்தாலியப் பயணியின் நூல், கோழிக்கோட்டில் பிரெஞ்சு நோய் இருந்ததைக் குறிப்பிடுகிறது. 16ஆம் நூற்றாண்டில் பாவமிசிரர் எழுதிய பாவப்பிரகாசம் என்ற ஆயுர்வேத நூல், உபதம்சத்திலிருந்து வேறாக 'பிரங்க ரோகம்' என்று ஒன்றைச் சொல்லி, பறங்கியர் தொடர்பால் வருவது என்று காரணமும் காட்டுகிறது, ரசகற்பூரத்தை மருந்தாக்குகிறது. ஒரு மருத்துவர் பழைய பெயரை விட்டுப் புதிய பெயரைத் தேடியது, தாம் கண்ட நோய் புதிது என்று கருதியதையே காட்டுகிறது.

1563இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்ட்டாவின் மூலிகை நூல், சீன வேர் என்ற மருந்து 1535 வாக்கில் கோவாவுக்கு வந்து இந்நோய்க்குப் பயன்பட்டதைப் பதிவுசெய்கிறது. அந்த வேர்தான் தமிழில் பறங்கிப்பட்டை. கணுக்கணுவான, உளுத்த மரக்கட்டைபோன்ற கிழங்கு அது. பாலை ஊற்றிய பானையின் வாயில் துணி கட்டி, அதன்மேல் பொடியை வைத்துப் பிட்டுப்போல் அவித்து, உலர்த்தி இடித்துச் சலிப்பார்கள். பறங்கிப்பட்டைச் சூரணம் இன்றும் சித்த மருத்துவர்கள் தரும் மருந்து.

இந்த வேரின் பெயர் ஒரு காலக்கருவியாகவும் உதவக்கூடும். அகத்தியர், தேரையர் பெயர்களில் வழங்கும் சித்த நூல்களின் காலத்தை அறுதியிடுவது கடினம். மேகம் என்ற சொல்லும் அகன்றது. பால்வினை நோயையும் தோல் நோயையும் நீரிழிவையும், அதாவது மதுமேகத்தையும், அது தழுவும். ஆனால் ஒரு பாடல் இந்த வேரைப் 'பறங்கிப்பட்டை' என்ற பெயராலேயே அழைத்தால், அந்தப் பாடலாவது பறங்கியர் வருகைக்குப் பிற்பட்டது என்று கொள்ள இடமுண்டு. வேர் சீனத்தது என்பதால் பழைய சீன வணிகத்திலேயே வேறு பெயரில் வந்திருக்கவும் கூடும். ஆகவே பெயரைத்தான் காலக்கருவியாகக் கொள்ளலாம், பொருளை அல்ல.

பெயரை முழுச் சாட்சியாக ஏற்பதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. ஒன்று, பறங்கி என்பது ஃபிராங்க் என்பதன் திரிபு. சிலுவைப்போர்க் காலத்திலிருந்தே அரபியரும் பாரசீகரும் ஐரோப்பியர் அனைவரையும் அப்படி அழைத்தனர். பாரசீக மருத்துவர் பஹா அல்-தவ்லா 1500களின் தொடக்கத்திலேயே இந்நோய் மேற்கிலிருந்து தம் நாட்டுக்கு வந்ததை எழுதிவிட்டார். அரபு வணிகர் வழியாக நோயும் பெயரும் சேர்ந்தே காயலுக்கும் கீழக்கரைக்கும் வந்திருக்க வாய்ப்புண்டு. அப்படியானால் 'பறங்கி' என்ற பெயர் நோயைக் கொண்டுவந்த கப்பலைக் குறிக்காது.

இரண்டாவது சிக்கல் கடலின் அக்கரையில் இருக்கிறது. இலங்கையில் 'பறங்கி' என்று வழங்கிய நோய் சிபிலிஸ் அல்ல, யாஸ். 1881இல் கின்சி என்ற ஆங்கிலேய மருத்துவ அதிகாரி இலங்கையின் பறங்கி நோய் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். 1905இல், பெர்லின் கண்டுபிடிப்பு வெளியான அதே ஆண்டில், கொழும்பில் ஆல்தோ காஸ்தெல்லானி யாஸ் புண்ணில் அதே வடிவச் சுருள் கிருமியைக் கண்டார். ஒரே சொல், குறுகிய ஒரு கடலின் இரு கரையிலும் இரண்டு நோய்களைக் குறித்திருக்கிறது. யாஸ் போர்த்துக்கீசியரோடு வந்ததா, அல்லது ஏற்கெனவே இருந்த புண்ணுக்குப் பகைவரின் பெயர் பின்னால் ஒட்டப்பட்டதா என்பதைச் சொல் மட்டும் வைத்துத் தீர்க்க இயலாது. பெயர் வைத்தவர்கள் தாம் வெறுத்தவரைத்தான் உறுதியாகச் சுட்டினார்கள்.

பழி சுமத்துவது பெயரோடு நிற்கவில்லை. சென்னை மாகாணத்தில் 1805 முதல் ஆங்கிலேயப் படைமுகாம்களை ஒட்டி, பால்வினை நோய்க்கான 'பூட்டு மருத்துவமனைகள்' இயங்கின. 1868இன் தொற்றுநோய்ச் சட்டம், படைவீரரைக் காப்பதற்காக என்று சொல்லி, பெண்களை மட்டும் கட்டாயச் சோதனைக்கு உட்படுத்தியது. அது 1888இல்தான் கைவிடப்பட்டது. நோயின் பிறப்பிடத்தைத் தேடும்போது இந்த அநீதியையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அரங்குகளில் விடுபட்ட கரை

சுருள் கிருமிகளின் உயிரியலுக்கென்றே இன்று தனி அரங்குகள் உள்ளன. கோர்டன் ஆய்வு மாநாடுகளின் வரிசையில் இரண்டாண்டுக்கு ஒருமுறை இத்துறையினர் கூடுகிறார்கள். அங்கே பேசுவதை வெளியில் மேற்கோள் காட்டக் கூடாது என்பது விதி. வெளியாகாத முடிவுகளை அஞ்சாமல் விவாதிக்க அது உதவுகிறது. எலிச்சிறுநீர் கலந்த நீரால் பரவும் லெப்டோஸ்பைரா என்ற மற்றொரு சுருள் கிருமிக்கு 1994இல் ஒரு பன்னாட்டுச் சங்கம் உருவானது. அதன் 2009 மாநாடு கொச்சியில் நடந்தது. எலிக்காய்ச்சல் மழைக்காலம்தோறும் உயிர் வாங்கும் மண்ணில் அந்த மாநாடு கூடியது பொருத்தமானது. 2012இல் சுவிட்சர்லாந்தின் மோர்ஜ் நகரக் கூட்டம், ஒரே வேளை அசித்ரோமைசின் மாத்திரையால் யாஸை ஒழிக்கும் திட்டத்தை வகுத்தது.

சென்னைக்கும் இத்துறையில் பழைய மரபு உண்டு. சென்னையின் பால்வினை நோய் மருத்துவத்தை வளர்த்த ஆர். வி. ராஜமும் பி. என். ரங்கய்யாவும் எழுதிய, டோனோவனோசிஸ் என்ற பால்வினை நோய் பற்றிய நூலை உலக சுகாதார நிறுவனம் 1954இல் வெளியிட்டது. ஆனால் பிறப்பிட வாதத்தில் மட்டும் இந்தியா ஏறக்குறைய வெற்றிடமாகவே நிற்கிறது. மேலே சொன்ன மரபணுத் தொகுதிகளில் ஒன்றுகூடத் தென்னாசிய எலும்பிலிருந்து வந்ததில்லை. வெப்பமும் ஈரமும் பழைய மரபணுவைச் சிதைத்துவிடும் என்பது உண்மையான தடை. ஆயினும் எலும்பின் தழும்பு சிதையாமல் இருக்கக்கூடும். ராஜஸ்தானின் பாலாத்தலில் கிடைத்த ஏறத்தாழ 4,000 ஆண்டு பழைய எலும்புக்கூட்டில் தொழுநோயின் சுவடுகளைக் கண்டு 2009இல் வெளியிட்டது அதற்குச் சான்று.

எது தெளிவு, எது பாக்கி

இன்றுள்ள சான்றுகளின்படி, இக்கிருமிக் குடும்பத்துக்கு அமெரிக்கக் கண்டத்தில் ஆழ்ந்த வேர் உண்டு என்பது வலுவான முடிவு. 1495இன் கொள்ளைநோய் கொலம்பஸின் பயணத்தை ஒட்டி எழுந்தது என்பது பெரிதும் நம்பத்தக்கது. முத்திரையிட்ட தீர்ப்பு இன்னும் இல்லை. பழைய உலகில் அதற்கு முன் வேறு ஏதேனும் ட்ரெபோனிமா இருந்ததா என்ற கேள்வி திறந்தே கிடக்கிறது. ஆப்பிரிக்கக் குரங்குகள் அதை மூட விடுவதில்லை. தமிழ்க்கரையைப் பொறுத்தவரை, நோய் 1498க்குப் பிறகு வந்தது என்பதே பெயரும் நூல்களும் காட்டும் திசை. எந்தக் கப்பலில், எந்தத் துறையில் என்பதற்குச் சான்று இல்லை. இலங்கையின் பறங்கி எப்போது வந்தது என்பதும் தீராத கேள்வி.

இவற்றுள் சிலவற்றுக்கு விடை தேடும் பொருள் தூத்துக்குடி மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளின் எலும்புகள் கொலம்பஸுக்கு மிக முற்பட்டவை. ட்ரெபோனிமாத் தழும்பு உண்டா என்று அவற்றை முறையாகத் தேடலாம். புன்னைக்காயலில் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் மருத்துவமனை நடத்திய இயேசு சபையினரின் கடிதங்கள் அச்சில் கிடைக்கின்றன. புண், தடிப்பு, பறங்கி நோய் பற்றிய குறிப்புகளை அவற்றில் திரட்டலாம். சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் தஞ்சை சரசுவதி மகாலிலும் உள்ள சித்த மருத்துவச் சுவடிகளில் பறங்கிப்பட்டை முதலில் எங்கே தலைகாட்டுகிறது என்று பார்க்கலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பழைய மரபணுக்களுக்கான ஆய்வகம் உருவாகியிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி 2022இல் மட்டும் 80 லட்சம் பேருக்குச் சிபிலிஸ் புதிதாகத் தொற்றியது. இது அருங்காட்சியகத்து நோய் அல்ல. தொடக்க நிலையில் ஒரே ஒரு பென்சிலின் ஊசி அதைக் குணமாக்குகிறது. கருவுற்ற பெண்ணுக்கு உரிய காலத்தில் செய்யும் ஓர் இரத்தச் சோதனை குழந்தையைக் காக்கிறது. பழியைச் சுமந்த பெயர்கள்தான் நோயாளிகளை இத்தனை காலம் மருத்துவமனை வாசலுக்கு வரவிடாமல் தடுத்தன. எலும்பாய்வாளரும் சித்த மருத்துவரும் வரலாற்றாசிரியரும் மரபணுவியலாளரும் தூத்துக்குடியில் ஒரே அரங்கில் கூட வேண்டும். அந்தக் கூட்டத்தை அழைக்கும் பொறுப்பைத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டும்.